பல்பு கிடக்கட்டும், அந்த ஓட்டு வீடு?

கேள்வி:

ஐயா, மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் நான், கணவர், மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன் என்று ஐந்து பேர். பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கார்பன் தடம், அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுவை யார் எவ்வளவு வெளியேற்றுகிறோம் என்கிற கணக்கு பற்றி ஏதோ செயல்திட்டம் கொடுத்தார்கள். அன்று பிடித்தது சனி. செல்போன் சார்ஜரை பிளக்கில் விட்டால் சண்டை, பாட்டி விறகடுப்பு மூட்டினால் சண்டை. மாடு ஏப்பம் விட்டால்கூட "மீத்தேன்" என்கிறாள். "அமெரிக்காக்காரன் வீட்டுக்கு ரெண்டு கார் வெச்சிருக்கான், அவனை விட்டுட்டு எங்கம்மா அடுப்பை அணைக்க வந்துட்டியா" என்று என் கணவர் சிரிக்கிறார். எனக்கு இரண்டு பேர் பேச்சும் சரியாகத்தான் படுகிறது.

இரண்டு மாதத்துக்கு 460 யூனிட் கரண்ட் ஓடுகிறது. ஏ.சி. கிடையாது. சிலிண்டர் 40 நாள் வரும். பைக், ஸ்கூட்டி இரண்டுக்கும் மாதம் 20 லிட்டர் பெட்ரோல். பழைய டீசல் கார் ஒன்று, மாதம் 15 லிட்டர். நிலம் மூன்று ஏக்கர். சம்பா மூன்றிலும் போடுவோம், போர் இருப்பதால் குறுவை ஒன்றரை ஏக்கரில். கறவை மாடு ஒன்று, கிடாரி ஒன்று. கொழுந்தனார் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், வருடம் இரண்டு தடவை வந்து போவார். உண்மையில் எதை மாற்றினால் பிரயோசனம்? தை பிறந்ததும் இந்தப் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு 1,200 சதுர அடியில் தளம் போட்ட வீடு கட்டப் போகிறோம். அதில் சோலார் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அம்மா, வணக்கம். சார்ஜர், விறகடுப்பு, மாட்டு ஏப்பம் எல்லாம் உங்கள் கடிதத்தின் முன்பக்கத்திலேயே வந்துவிட்டன. கணக்கிலேயே பெரிய தொகை கடைசி வரியில், சோலார் கேள்விக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. டீச்செலவு, ஆட்டோ கூலியெல்லாம் வரி தவறாமல் எழுதிவிட்டு, பெரிய கொள்முதல் பில்லை நோட்டின் அட்டைக்குள் செருகி வைக்கிற முதலாளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் முதலில் பேரேட்டைப் போட்டுவிடுவோம்.

கரண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் நாட்டு மின்சாரத்தில் இன்னமும் பெரும்பங்கு நிலக்கரி. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டின் 2,760 யூனிட்டுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2 டன். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். சிலிண்டருக்கு 42 கிலோ, ஒன்பது சிலிண்டருக்கு 380 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7 கிலோ, வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு டன். கூட்டினால் மூன்றரை டன்னுக்குள் அடங்கிவிடுகிறது. ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 700 கிலோ.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீடு, தொழிற்சாலை, மின்நிலையம் எல்லாம் சேர்த்து ஒரு இந்தியருக்குச் சராசரியாக வருடத்துக்கு 2 டன் என்றால், ஒரு அமெரிக்கருக்கு 14 டன் போல வருகிறது. உங்கள் மாமியாரின் அடுப்பு உலகத்தைக் கெடுக்கவில்லை. இதை மகளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்லுங்கள்: பேரேடு இன்னும் முடியவில்லை. டெல்டாவில் வீடு என்றால் வாசற்படியோடு முடிகிற சமாச்சாரமா? கொல்லை, கொட்டகை, வயல் எல்லாம் சேர்ந்ததுதானே.

வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடும். காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மக்குகிற வேர், தாள், எரு எல்லாவற்றையும் தின்று மீத்தேனை வெளியேற்றும். அது நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய் வழியாகவே மேலே ஏறி வந்துவிடும். பூமியைச் சூடாக்குவதில், நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இடைவிடாமல் தண்ணீர் நிற்கும் நெல்வயலில் ஒரு ஏக்கருக்கு, ஒரு பட்டத்துக்கு, இது ஏறத்தாழ ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகும். சம்பா மூன்று, குறுவை ஒன்றரை. ஆக நாலரை டன். வீட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டினாலும் இதைவிடக் குறைவு. மாட்டு விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது சரிதான். ஒரு கறவை மாட்டின் ஏப்பம் மட்டுமே வருடத்துக்கு ஒன்றரை டன்னுக்கு ஈடு. அதற்காக மாட்டை விற்கச் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

கொழுந்தனாருக்கும் ஒரு வரி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் மூவாயிரம் கிலோமீட்டர் போல வரும். போய்வர ஒருவர் பங்கு நானூறு, ஐந்நூறு கிலோ. அதாவது அவர் ஒருமுறை வந்து போவது, உங்கள் வீட்டு அடுப்பு ஒரு வருடம் எரிவதற்குச் சமம். இதை அவரிடம் சொல்ல வேண்டாம். வயதான அம்மாவைப் பார்க்க வருகிற பிள்ளையிடம் கார்பன் கணக்கு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இரண்டு தடவை பத்துப் பத்து நாள் வருவதற்குப் பதிலாக, முடிந்தால் ஒரே தடவை இருபது நாள் வந்து இருக்கலாமே என்று மாமியார் கேட்டால் அது வேறு விஷயம். அவருக்கும் அது பிடிக்கும்.

இப்போது கடைசி வரிக்கு வருவோம்.

1,200 சதுர அடிக்குத் தளம் போட்டுக் கட்ட 480 மூட்டை சிமெண்ட் போல ஆகும். கம்பி நாலரை, ஐந்து டன். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு எரிக்கும் கரியிலிருந்தும் வாயு வருகிறது, கல்லுக்குள் இருப்பதும் வெளியேறுகிறது. ஒரு மூட்டைக்கு 30 கிலோ என்று குறைத்துப் பிடித்தாலும் சிமெண்டில் மட்டும் 14 டன். கம்பியையும் சேர்த்தால் 20 டன்னைத் தாண்டிவிடும். செங்கல், மணல் லாரி, டைல்ஸ் எதையும் நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. பத்து வருடம் உங்கள் வீட்டில் ஓடும் கரண்ட் மொத்தமும் ஒரே ஆறு மாதத்தில் செலவாகிவிடுகிறது. இந்த நிலைமையில் உங்கள் மகள் பிளக்கிலிருந்து பிடுங்குகிற சார்ஜர், போன் மாட்டாமல் சும்மா இருந்தால், வருடத்துக்கு ஒன்றிரண்டு யூனிட் தின்னும். அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். அரிசி ஆலை, ஐஸ் கம்பெனி, நூற்பாலை என்று இருபத்தைந்து வருடமாக ஊர் ஊராகப் போய் 'இங்கே வீணாகிறது, அங்கே வீணாகிறது' என்று எரிசக்தித் தணிக்கை அறிக்கை எழுதுகிறவன் நான். 2011-ல் கும்பகோணத்தில் எங்கள் அப்பா இருந்த ஓட்டு வீட்டை இடித்தேன். ஒழுகுகிறது, எலி வருகிறது, தம்பிக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று காரணம் வரிசையாக இருந்தது. தேக்கு உத்தரத்தையும் தூண்களையும் பழைய சாமான் வியாபாரி ஒருவர் பார்த்த மாத்திரத்தில் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புது வீட்டில் முதல் சித்திரை. ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று கூரையைத் தொட்டுப் பார்த்தேன், அணைத்து வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் விடியவிடியக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் அள்ளி மேலே கொட்டியது. அடுத்த வருடமே ஏ.சி. வாங்கினோம். இரண்டு மாதத்துக்கு 190 யூனிட் ஓடிய வீட்டில் 620 ஓடியது.

உங்கள் வீட்டில் இப்போது ஏ.சி. இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் ஒரு குறையாக எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். ஓட்டுச் சந்து வழியாகச் சூடான காற்று தானே மேலே போய்விடுவதாலும், சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர் மெதுவாகச் சூடேறுவதாலும், முற்றம் இருந்தால் அது வீட்டுக்கு மூக்கு மாதிரி வேலை செய்வதாலும்தான் அது தேவைப்படவில்லை. தளம் போட்டுவிட்டால் இரண்டாவது கோடைக்குள் ஒரு ஏ.சி. வந்தே தீரும். ஒரு அறையில் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் கூடும். நீங்கள் 500 யூனிட் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் கட்டண விகிதமே வேறு என்பது உங்களுக்குத் தெரியாததா?

அதற்காக ஓட்டு வீடு சொர்க்கம் என்று கவிதை பாட மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் குண்டானும் வாளியும் வைத்து ஒழுக்கு பிடித்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். குரங்கு வந்தால் நாலு ஓடு போகும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. மாமியாருக்கு ராத்திரியில் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தால், அது ஒன்றே வீடு கட்டப் போதுமான காரணம். ஆகவே என் யோசனை இது. முழு வீட்டையும் பிரிக்காமல், பின்கட்டில் 300 சதுர அடிக்கு மட்டும் ஒரு அறையும், அதோடு சேர்ந்த கழிப்பறை, குளியலறையும் தளம் போட்டுக் கட்டுங்கள். கார்பன் நாலில் ஒரு பங்காகிவிடும், செலவும் கிட்டத்தட்ட அப்படியே. முன்கட்டில் செல்லரித்த கட்டைகளை மட்டும் மாற்றி, ஓட்டைப் பிரித்து அடுக்குங்கள். ஒழுக்குக்குப் பயந்தால் ஓட்டுக்கு அடியில் ஒரு விரிப்பு கொடுத்து மேய்கிறார்கள், அதைக் கேளுங்கள். பின்கட்டுத் தளத்துக்கு மேல் பங்குனி மாதமே கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பசையோடு கலந்து வெள்ளையாக இரண்டு கை அடித்துவிட்டால், உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும், சுண்ணாம்பு விலை ஒன்றும் பெரிதில்லை.

உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. இரண்டு வருடம் கழித்து உங்கள் மகளைப் பெண் பார்க்க வருவார்கள் என்று யாராவது ஆரம்பித்தால், ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன அவசரம் என்று மட்டும் கேளுங்கள்.

சோலாருக்குத் தளம் வேண்டும் என்பதே இல்லை. வீட்டுக் கூரைச் சோலாருக்கு மத்திய அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றும் அதற்கு மேலும் போனால் மொத்தம் 78,000. உங்களுக்கு இரண்டு கிலோவாட் போதும். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் தரும். இரண்டுக்கு எட்டு; வருடத்துக்கு 2,900. உங்கள் மொத்தச் செலவே 2,760 தான். 200 சதுர அடி இடம் வேண்டும். மாட்டுக்கொட்டகைக்கு மேலே இரும்புச் சட்டம் கட்டியும் வைக்கலாம். அந்த அமைப்பு மானியத்துக்கு ஒத்துவருமா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தென்னை நிழல் விழாத இடமாகப் பாருங்கள், ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும் உற்பத்தி படுத்துவிடும். சட்டத்தை ஊன்றும்போது கஜா புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் உங்கள் பக்கத்துத் தென்னைகள் எப்படிச் சாய்ந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு போல்ட்டில் நிற்கிற பலகையைக் காற்று பட்டம் மாதிரி தூக்கிக்கொண்டு போகும். கான்கிரீட் குழி எடுத்து ஊன்றச் சொல்லுங்கள். இந்த இடத்தில் சிமெண்ட் செலவானால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சோலாருக்கும் முன்னால் ஃபேன். இதை எங்கே போனாலும் சொல்கிறேன், யாரும் நம்புவதில்லை. பழைய ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் எடுக்கும். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற மூன்று ஃபேனை மாற்றினால் வருடத்துக்கு 590 யூனிட் மிச்சம். கார்பன் கணக்கில் 400 கிலோவுக்கு மேல். உங்கள் வீட்டின் ஒன்பது சிலிண்டரும் சேர்ந்தே 380 கிலோதான். விலை ஒன்று மூவாயிரம் ரூபாய் போல இருக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். எல்லோரும் படுக்கிற அறையில் இருப்பதை முதலில் மாற்றுங்கள்.

மகளுக்குப் பிளக்கைப் பிடுங்குகிற ஆசை இருந்தால், டி.வி. செட்-டாப் பாக்ஸைக் காட்டுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பத்து வாட் போலத் தின்றுகொண்டே இருக்கும், வருடத்துக்கு 80 யூனிட்டுக்கு மேல். சுவர் சுவிட்சில் அணைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்ற ஆகிற செலவு கொஞ்சம்தான். தொட்டி நிரம்பி வழிகிற மோட்டாரைப் பற்றி எழுதினால் எனக்கே அலுப்பு வருகிறது. விட்டுவிடுகிறேன்.

விறகடுப்பு வழக்குக்குத் தீர்ப்பு கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கொல்லையில் விழுகிற மட்டை, பாளை, கொட்டாங்கச்சி எரிந்து வருகிற கார்பன், அந்தத் தென்னை போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்ததைத் தோண்டி எடுத்து எரிப்பதும் இதுவும் ஒன்றல்ல. அந்த வகையில் மாமியார் பக்கம் வெற்றி. ஆனால் புகை வேறு விஷயம். அது அவர் நுரையீரலுக்குள்தான் முதலில் போகிறது, கரிப்புகையும் பூமியைச் சூடாக்குகிற வகைதான். எனவே அடுப்பு இருக்கட்டும், இடம் மாறட்டும். சமையலறைக்குள் வேண்டாம், கொல்லைத் தாழ்வாரத்தில், காற்று போகிற பக்கமாக, குளிக்க வெந்நீர் போடவும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் மட்டும். மட்டையை மழையில் நனைய விடாமல் பரணில் போட்டு வையுங்கள், ஈர விறகுதான் புகையும். இதைப் பேத்தி சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது. அவர் பிள்ளை சொல்லட்டும்.

கேஸ் அடுப்பில் எனக்குப் பிடித்த வித்தை ஒன்று உண்டு. உங்கள் பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஒரு பெரிய மூங்கில் கூடையில் வைக்கோலை அழுத்தி அடைத்து, நடுவில் சோற்றுப் பானை உட்காருகிற அளவுக்குக் குழி விடுங்கள். புழுங்கல் அரிசியை அரை மணி நேரம் ஊற வைத்து, உலை கொதித்துப் பத்து நிமிடம் ஆனதும் மூடியோடு பானையை இறக்கிக் குழியில் வையுங்கள். மேலே ஒரு வைக்கோல் மெத்தையும் சாக்கும் போட்டு மூடிவிடுங்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் சோறு பூவாக இருக்கும். அடியும் பிடிக்காது. வடிக்கிற வழக்கமென்றால் தண்ணீர் கூட வைத்து அப்புறம் வடித்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு அரிசி நேரம் மாறும், நாலு நாளில் கை பழகிவிடும். ஒரு எச்சரிக்கை: பானையின் அடியில் தணல், கரி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. விறகடுப்பிலிருந்து இறக்கிய பானையை வைக்கோலுக்குள் வைத்து விடாதீர்கள்.

சிலிண்டரையே விடுவதற்கு வழி வேண்டுமானால் சாண எரிவாயு. இரண்டு உருப்படிக்கு நாளுக்கு 20, 25 கிலோ சாணம் விழும். அது ஒரு கன மீட்டர் கலனுக்குச் சரியாக இருக்கும். ஒரு கன மீட்டர் வாயு அரைக்கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சற்றுக் குறைவு. மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர். கலக்குகிற வேலையைத் தினமும் யார் செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். நான் பார்த்த கலன்களில் பாதி அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் செத்துப்போயின. கசிவு இருந்தால் மீத்தேன் நேரே காற்றுக்குப் போகும், அப்படி ஒரு கலன் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

வண்டிக்கு இரண்டே வரி. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. மன்னார்குடிக்கு நேரம் ஒத்துவருகிற நாளில் ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். கடை அடைக்கிற நேரத்துக்குப் பஸ் இல்லையென்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். பெண்பிள்ளை இருட்டில் நிற்பதற்கு இது ஈடல்ல.

வயலுக்கு வருகிறேன், இது உங்கள் வீட்டுக்காரருக்கு. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்லிக் கேட்டிருப்பார். ஆறு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு அடி நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப் பாதி முழுக்கப் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளை போடுங்கள். துளை உள்ள பக்கம் சேற்றுக்குள் போகிற மாதிரி வரப்போரமாக அழுத்தி இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். இப்போது குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரியும். நட்டுப் பதினைந்து நாள் வரை வழக்கம்போல் தண்ணீர் கட்டுங்கள், இல்லையென்றால் களை மேய்ந்துவிடும். அதற்குப் பிறகு குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கின பின்தான் மோட்டார். மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் ஏறினால் போதும். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மண் அவ்வப்போது மூச்சு விடுவதால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைகிறது. மகசூல் விழாது. போர் மோட்டார் ஓடுகிற நேரமும் கணிசமாகக் குறையும். கரண்ட் இலவசம்தானே என்பார். நிலத்தடித் தண்ணீர் இலவசமா, கடல் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

இதெல்லாம் குறுவைக்கு. சம்பாவுக்கு இந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். ஐப்பசி அடைமழையில் வடிகால் பிதுங்கி நிற்கும்போது வயலைக் காயப் போடு என்று சொன்னால், அவர் என்னையே வாய்க்காலில் தள்ளிவிடுவார். சம்பாவில் செய்யக்கூடியது வேறு. குறுவை அறுத்த தாளைப் பச்சையாக மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டாதீர்கள், மீத்தேனுக்கு அதுதான் விருந்து. கொளுத்தவும் வேண்டாம். சுருட்டுகிற இயந்திரம் வந்தால் கட்டிவிட்டு மாட்டுக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடலாம். யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டாமல் பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். மிஞ்சுகிற தழைச்சத்தில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது மீத்தேனுக்கே அண்ணன்.

மகளின் செயல்திட்டத்துக்கு அந்தக் குழாயைக் கொடுங்கள். மேட்டூரை ஜூன் 12 திறந்தாலும் திறக்காவிட்டாலும் உங்களுக்குப் போர் தண்ணீரில் குறுவை நடக்கும். தினமும் சாயங்காலம் அவளே போய் ஸ்கேலை விட்டு அளந்து நோட்டில் எழுதட்டும், அவள் அப்பா அந்த நோட்டைப் பார்த்து மோட்டார் போடட்டும். சார்ஜர் சண்டை தானாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

வீட்டு விஷயத்துக்கு மட்டும் அவகாசம் குறைவு, தைக்கு முன்னால் முடிவெடுத்தாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் ஏணி வைத்து ஏறச் சொல்லுங்கள். கையில் ஒரு நீள ஆணி போதும். ஒவ்வொரு கைமரத்திலும் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். ஆணி அரை அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது, சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உத்தரத்தையும் அதேபோல் இரண்டு நுனியிலும் பாருங்கள். மொத்தம் எத்தனை, கோடு விழுந்தது எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஓடு மாற்றுகிற ஆளைத் தேடுவோம். அதற்கு மேல் போனால் முன்கட்டைப் பற்றியும் பேசுவோம்.